கறுப்புத் திரையில் தமிழ் எங்கே தம்பி?

டிஸ்கி: நான் பொட்டி தட்டுகிறவன் இல்லை. பி.காம். முடித்துவிட்டு வங்கியில் சேர்ந்தவன். தொழில்நுட்பக் குற்றம் கண்டால் திருத்துங்கள். திட்டுவதாக இருந்தால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள் :-)

மாற்றலாகி கழக்கூட்டம் வந்து மூன்று வருடம் ஆகிறது. எங்கள் அடுக்ககத்தில் தமிழ்க் குடும்பங்கள் ஒன்பது. என்னைத் தவிர மீதி எல்லாம் டெக்னோபார்க் கூட்டம். சனிக்கிழமை நாலு மணிக்கு அசோசியேஷன் ஹாலில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்துகிறோம். மொத்தம் 11 பிள்ளைகள். நான்தான் வாத்தியார், பியூன், கணக்கப்பிள்ளை எல்லாம்.

போன மாதம் என் கணினி மக்கர் பண்ணிவிட்டது. வகுப்பு அறிவிப்பு ஒன்று அடிக்க வேண்டும். நாலாவது மாடித் தம்பியிடம் போனேன். திருநெல்வேலிப் பையன், நல்ல பையன், அவன் திரையைப் பார்த்து அசந்துவிட்டேன். கறுப்புத் திரைக்குப் பின்னால் மூணாறு மலை மங்கலாகத் தெரிகிறது. கட்டளை அடிக்கிற இடத்தில் அம்புக்குறி, கிளை மாதிரி ஒரு சின்னம், பேட்டரி அளவு, மணி, எல்லாம் வண்ண வண்ணமாக. எடிட்டரைத் திறந்தால் இடப்பக்கம் மரம் மாதிரி கோப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டிப் படம். "ரெண்டு வருஷமா செதுக்கினதுண்ணா" என்றான். பெருமைப்பட வேண்டியதுதான்.

நான் சொல்லச் சொல்ல அவன் அடித்தான். எட்டிப் பார்த்தால் "அன்புள்ள பெற்றோருக்கு" என்பது ஆங்கில எழுத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது!

"தமிழ்ல அடிப்பா."

"இதுல தமிழ் வராதுண்ணா. கூகுள்ல மாத்தி ஒட்டிக்கலாம்."

ஒட்டினான். அந்த இரண்டு வருடச் சிற்பத்தில் "கொ" உடைந்து விழுந்தது. கொம்பு ஒரு பக்கம், க நடுவில், கால் தனியாக, கூடவே ஒரு புள்ளி வட்டம். புள்ளி எழுத்தெல்லாம் பக்கத்து எழுத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. பேட்டரிக்குப் படம் இருக்கிறது, அம்மா என்று எழுத வழியில்லை.

அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன், அந்தத் தம்பிக்கு மட்டுமல்ல.

முதலில், ஷெல்லையும் எடிட்டரையும் நம் வசதிக்கு மாற்றிக்கொள்வது வெட்டி வேலை என்று நான் சொல்லவே மாட்டேன். சொன்னால் எங்கள் தொழிலுக்கே துரோகம். வங்கியில் ஃபினாக்கிள் வந்த காலத்தில் எலியைத் தொட்டவன் யார்? கணக்கின் வரவுசெலவு பார்க்க ஏசிஎல்ஐ, பரிவர்த்தனைக்கு டிஎம், எல்லாமே குறிச்சொற்கள். பழைய காசாளர்கள் வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே அடிப்பார்கள். பத்தாம் பதிப்பு வந்தபோது பல குறிச்சொற்களுக்கு முன்னால் ஒரு எச் சேர்ந்தது. எச்ஏசிஎல்ஐ, எச்டிஎம். மூளைக்கு அது ஒரு நாள் பாடம். என் விரலுக்கு மூன்று மாதம் ஆனது. வேலை விரலில்தான் இருக்கிறது என்று அப்போது புரிந்தது. ஆகவே "கட்டளை அடிக்கிறதெல்லாம் அந்தக் காலம், இப்ப எல்லாம் க்ளிக்தான்" என்று பேசுகிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. அது இன்னொரு நாள்.

என் சண்டை அலங்காரத்தோடு.

கொஞ்சம் கணக்கு போடுவோம், படித்தது அதுதானே. ஒரு நாளைக்கு ஐந்து தடவை செய்கிற ஒரு வேலையில், தடவைக்குப் பத்து விநாடி மிச்சம் என்று வையுங்கள். வருடத்துக்கு 250 வேலை நாள். 12,500 விநாடி, அதாவது மூன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு வரி ஏலியாஸ் எழுத ஐந்து நிமிடம் என்றால் கொழுத்த லாபம். அதையே நாற்பது மணி நேரம் செதுக்கினால் முதல் திரும்ப பதினொன்றரை வருடம். அதற்குள் ப்ளகின் எழுதியவர் அதைக் கைவிட்டிருப்பார், நீங்கள் வேலை மாறியிருப்பீர்கள். தேய்மானத்தை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

எது லாபம் என்று கேட்டால், என் அனுபவத்தில் மிகச் சாதாரணமானவை. கண்ட்ரோல்-ஆர் அடித்தால் பழைய கட்டளையைத் தேடித் தரும், இதற்கு எதையும் நிறுவ வேண்டாம். பாஷ் தானாக 500 கட்டளைகளைத்தான் நினைவில் வைக்கும், அந்த எண்ணைக் கூட்ட ஒரு வரி போதும். தினமும் அடிக்கிற நீளமான கட்டளைக்கு ஒரு செல்லப்பெயர். அவ்வளவுதான். (செல்லப்பெயரிலும் ஜாக்கிரதை. கோப்பை அழிக்கும் ஆர்எம் கட்டளை "அழிக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு அழிக்கும்படி ஏலியாஸ் வைத்திருந்தேன். அந்தப் பழக்கத்தில் மச்சான் கணினியிலும் கேட்கும் என்று நினைத்துத் தட்டினேன். கேட்கவில்லை. ஒரு வருடத்துப் பயிற்சித் தாள்கள் போயே போச்சு. தங்கமணி இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள்.)

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த அமைப்புகளை எல்லாம் நம்மாட்கள் எங்கிருந்து எடுக்கிறார்கள்? யாரோ ஒருவர் தன் கைக்குச் செய்துகொண்டதை அப்படியே இறக்கிக்கொள்கிறார்கள். அளவு எடுக்காத சட்டை. விம் எடிட்டரில் கர்சரை நகர்த்த எச், ஜே, கே, எல் என்று நாலு விசைகள், அதை வேதவாக்கு மாதிரி சொல்வார்கள். அது ஏன் அந்த நாலு? 1976 வாக்கில் பில் ஜாய் 'விஐ' எழுதியபோது அவர் உட்கார்ந்திருந்தது ஏடிஎம்-3ஏ என்கிற முனையம். அதில் அம்புக்குறிகள் அந்த நாலு விசைகளின் மேல்தான் அச்சிட்டிருந்தன. எஸ்கேப் விசை இன்றைக்கு டேப் இருக்கிற இடத்தில், சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் தன் மேசையில் இருந்த பொருளுக்குத் தோதாகச் செய்தார். புத்திசாலித்தனம் அதுதான். ஐம்பது வருடம் கழித்து நாம் அவர் விரலை இரவல் வாங்கிக்கொண்டு, நம் கை எப்படி இருக்கிறது என்று பார்க்க மறந்துவிட்டோம்.

நம் கை தமிழ் எழுத வேண்டிய கை.

அங்கே இருக்கிற உண்மையான சிக்கல்களைப் பாருங்கள். விம்மில் ஒரு பயன்முறையில் விசைகள் எழுத்து, இன்னொன்றில் அதே விசைகள் கட்டளை. கணினியின் விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றிவிட்டால், கட்டளை கொடுக்கும்போதும் தமிழ் எழுத்தே போகும். கீழே இறங்கு என்று ஜே அடித்தால் தமிழ்99-ல் அது ப. விம் விழிக்கும். "தமிழ் வராது" என்று கைவிடுகிற இடம் இதுதான். ஆனால் தீர்வு விம்முக்குள்ளேயே இருக்கிறது. கீமேப் என்று ஒரு வசதி, எழுதும்போது மட்டும் தமிழ், கட்டளைக்கு ஆங்கிலம், கண்ட்ரோலோடு ஒரு விசை தட்டினால் மாறும். விம்மோடு வருகிற தமிழ்க் கீமேப்பைத் தேடிப் பார்த்தேன், டிஸ்கிக்காக எழுதியது இருந்தது. யூனிகோடு பரவுவதற்கு முன் நாம் இணையத்தில் எழுதிய அதே டிஸ்கி! ரஷ்யனுக்கும் கிரேக்கத்துக்கும் விதவிதமாக வைத்திருக்கிறார்கள்.

புதிதாக எழுதுவது பிரம்ம வித்தை இல்லை. இடப்பக்கம் தட்டுகிற விசை, வலப்பக்கம் வர வேண்டிய எழுத்து, இரண்டு பத்தி. எங்கள் பேரேடு மாதிரி. நான் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதினேன். க்-கு, க-கி-கீ என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிரப்ப வேண்டும், அவ்வளவுதான்.

தமிழ்99 ஏன் என்று கேட்பீர்கள். 1999-ல் சென்னை தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த அமைப்பு. உயிர் இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு. ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதுக்குத் தானே புள்ளி வைத்துக்கொள்ளும். "அம்மா" நாலு தட்டு. ஆங்கில ஒலிப்புமுறையில் ஐந்து. "வணக்கம்" ஆறு தட்டு. ஒலிப்புமுறையில் எட்டு, ண-வுக்கு ஷிஃப்ட் தனி. ஒரு வார்த்தைக்கு ஒன்றிரண்டு தட்டு குறைவது பெரிய விஷயம் இல்லைதான். ஒலிப்புமுறையில் ஒவ்வொரு சொல்லும் தலைக்குள் ஆங்கில எழுத்தாக மாறித்தான் வெளியே வருகிறது என்பதுதான் என் குறை. தமிழ்99-ல் கை நேராகத் தமிழில் யோசிக்கிறது. இது என் கட்சி. ஒலிப்புமுறைக் கட்சிக்காரர்கள் சண்டைக்கு வரலாம், முறுக்கும் டீயும் உண்டு.

எழுத்து உடைவது வேறு சிக்கல். டெர்மினல் என்பது கட்டம் போட்ட நோட்டு, ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்து என்று ஆங்கிலத்துக்காக அமைத்தது. நம் கொ கட்டத்துக்குள் அடங்காது. ஈமேக்ஸ் தனிச் சாளரமாக ஓடும்போது இந்தத் தொல்லை இல்லை. 2020-ல் வந்த 27-ம் பதிப்பிலிருந்து எழுத்துகளை ஹார்ஃப்பஸ் என்ற நூலகத்தைக் கொண்டு வரைகிறது, அச்சுப் போல வருகிறது. தமிழ் உள்ளீட்டு முறையும் அதற்குள்ளேயே இருக்கிறது. அதனால் இப்போது தமிழுக்கு ஈமேக்ஸ், மற்ற சில்லறை வேலைக்கு விம். இரண்டு கட்சியும் என்னைத் துரோகி என்று சொல்லலாம்.

ஷெல்லிடமே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், தமாஷாக இருக்கும். "தமிழ்" என்ற சொல்லில் எத்தனை எழுத்து? டபிள்யூசி கட்டளையில் ஒரு விதமாகக் கேட்டால் 15 என்கிறது, பைட் கணக்கு. இன்னொரு விதமாகக் கேட்டால் 5, யூனிகோட் குறிகளின் கணக்கு. எங்கள் வகுப்பில் ஆறு வயதுக் குட்டி மூன்று என்று விரல் விட்டுச் சொன்னாள். அவள் சொன்னதுதான் சரி.

சிரிப்பாக மட்டும் முடிவதில்லை. வகுப்புப் பதிவேட்டை அகரவரிசைப்படுத்த ஸார்ட் கட்டளை கொடுத்தேன். கனகா முதலில், கபிலன் பிறகு என்று வந்தது. யூனிகோட் வரிசையில் ன என்பது ந-வுக்கு அடுத்து, ப-வுக்கு முன்னால் இருக்கிறது. நம் வரிசையில் ன கடைசி மெய். என் கணினியின் மொழி அமைப்பு வெறும் 'சி' என்று இருந்ததால் எண் வரிசைப்படியே அடுக்கிவிட்டது. அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்துத் தமிழ் என்று சொன்ன பிறகு கபிலன் தன் இடத்துக்கு வந்தான். பிள்ளைக்கு அகரவரிசை சொல்லிக் கொடுக்கிற வகுப்பின் பதிவேடே தப்பாக இருந்தால் எப்படி இருக்கும்? எத்தனை தமிழ்க் குடும்பத்துப் பொறியாளர்கள் அந்த ஒரு வரியைச் சேர்த்திருப்பார்கள்? ப்ராம்ப்ட்டின் நிறத்துக்கு எத்தனை வரி எழுதியிருப்பார்கள்?

"மொபைல்ல பேசினாலே தமிழ்ல அடிக்குதே, எதுக்கு சார் இதெல்லாம்?" வரும் என்று தெரியும். நானும் பயன்படுத்துகிறேன், "வர்றேன்", "அரிசி வாங்கு" என்று அனுப்ப அது போதும். ஆனால் உங்கள் வேலை, உங்கள் எட்டு மணி நேரம், உங்கள் மூளை முழுசாக விழித்திருக்கிற இடம் அந்தக் கறுப்புத் திரைதானே? அங்கே தமிழ் இல்லை என்றால் உங்கள் வேலையில் தமிழ் இல்லை. கைபேசியில் இருப்பது விருந்தாளித் தமிழ்.

சரி, நாம் குடியிருக்கிற ஊரையாவது கவனித்தோமா? 2001 ஜூலையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கி வைத்தது இதே திருவனந்தபுரத்தில். அடுத்த வருடமே மலையாளத்துக்காக ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங் குழு கிளம்பியது. சம்பளம் இல்லாத பையன்கள் எழுத்துருவும் விசைப்பலகையும் செய்தார்கள். அரசுப் பள்ளிகள் லினக்ஸுக்கு மாறின. என் மகள் இங்கே எட்டாம் வகுப்பு, மாநிலப் பாடத்திட்டம். பள்ளிக் கணினியில் கைட் லினக்ஸ். போன வருடம் வீட்டுக்கு வந்து இரண்டு கையாலும் பார்க்காமல் மலையாளம் அடித்துக் காட்டினாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. "தமிழ் அடிடா கண்ணு" என்றேன். விசைப்பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். குற்றம் அவளுடையதா? அவளுக்குப் பள்ளி செய்ததை வீட்டில் நான் செய்யவில்லை. கீமேப் எழுத உட்கார்ந்த ஞாயிற்றுக்கிழமை அதற்கு அடுத்தது.

பட்டுக்கோட்டையில் அம்மா இருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர்கள், தினத்தந்தியை வரி விடாமல் படிப்பார்கள். வாட்ஸப்பில் பேரன் பேத்திகள் எல்லோரும் பாட்டிக்கு எழுதுகிறார்கள், துபாயிலிருந்து, பெங்களூரிலிருந்து, எங்கள் வீட்டிலிருந்தும். எல்லாம் ஆங்கில எழுத்தில். தமிழ்தான், "பாட்டி சாப்டீங்களா", "காலு வலி எப்டி இருக்கு". அம்மா கைபேசியை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுப் பெண்ணிடம் போய் நிற்பார்கள். "எம் பேரன் என்னமோ இங்கிலீசுல எழுதியிருக்கான், படிச்சுச் சொல்லு தாயி." தன் மொழியில் வந்த நலம் விசாரிப்பைப் படிக்க ஆள் தேடுகிற நிலைமை. எழுதப் படிக்கத் தெரியாதவர் இல்லை அவர். நாம்தான் எழுதத் தெரியாதவர்கள்.

இதெல்லாம் பெரிய நிறுவனங்கள் செய்து தர வேண்டியது, நாம் என்ன செய்ய முடியும் என்பது அடுத்த சாக்கு. தமிழ் கணினிக்கு வந்த கதை தெரிந்தவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-ல் முரசைத் தொடங்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995-லேயே தமிழை இணையத்தில் ஏற்றிக் காட்டினார். சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் தொழிலால் வேதியியல் ஆய்வாளர். மயிலை எழுத்துருவைச் செய்து, 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். சங்க இலக்கியத்தை உலகமே இலவசமாகப் படிக்கிறது. ஜெர்மனியிலிருந்து சுரதா கொடுத்த எழுத்துரு மாற்றி இல்லாமல் அந்தக் காலத்தில் எங்களில் பாதிப் பேர் ஒரு பக்கம் எழுதியிருக்க மாட்டோம். பாருங்கள், எல்லோருமே தமிழ்நாட்டுக்கு வெளியே இருந்தவர்கள். சொந்த மேசையில் இருந்த கணினி தமிழ் பேசவில்லை என்ற எரிச்சலில், தனக்காக மாற்றிக்கொண்டவர்கள். அந்த மாற்றம்தான் பிறகு எல்லோருக்கும் ஆனது. பில் ஜாய் செய்ததும் அதேதான்.

அவர்களுக்கு இருந்த கருவிகளில் பத்து மடங்கு நம்மிடம் இருக்கிறது. நேரம் இல்லை என்று சொல்லாதீர்கள். ஆணி அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். மூணாறு மலைக்குக் கிடைத்த நேரத்தைத்தான் கேட்கிறேன்.

இதை எல்லாம் நாலாம் மாடித் தம்பியிடம் போன வாரம் லிஃப்டில் கொட்டிவிட்டேன். லிஃப்ட் சின்னது, பாவம், தப்பிக்க வழியில்லை. முகம் சுண்டிவிட்டது. "நீங்க சொல்றது எனக்குப் புரியுதுண்ணா, ஆனா ஆபீஸ்ல தமிழுக்கு என்ன வேலை?" என்றான். நியாயமான கேள்வி. ஆபீஸில் மூணாறு மலைக்கு என்ன வேலை என்று நான் திருப்பிக் கேட்டேன். சிரித்துவிட்டான். என் கீமேப் கோப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டான். மறுநாள் பார்த்தால் நான் இரண்டு ஞாயிறு நிரப்பியதை அவன் பதினைந்து வரி நிரலில் தானாக நிரப்பும்படி எழுதி, நான் விட்டிருந்த ஞௌ, ஙூ எல்லாம் சேர்த்துத் திருப்பி அனுப்பியிருந்தான். பொறியாளன் பொறியாளன்தான்!

இந்தச் சனிக்கிழமை வகுப்புக்கு மடிக்கணினியோடு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான், பெரிய பிள்ளைகள் நாலு பேருக்கு அவன் தமிழ்99 சொல்லிக் கொடுப்பதாக ஏற்பாடு. என் மகளும் அதில் ஒருத்தி. நேற்று ராத்திரி வாட்ஸப்பில் ஒரு சந்தேகம் கேட்டிருந்தான், ஆய்த எழுத்து எந்த விசையில் என்று.

ஆங்கில எழுத்தில்தான் கேட்டிருந்தான் :-)